ஒருக்களித்த கதவு



நேட்டோ விரிவாக்கம் பற்றிய இந்தக் கருத்தரங்கின் அழைப்பிதழைப் பார்த்ததும் வீட்டில் கேட்டார்கள்: "போலந்தும் உக்ரைனும் எந்தப் படைக் கூட்டணியில் சேர்வது என்று பேச விழிஞ்ஞத்துக்கு எதற்குப் போக வேண்டும்? டெல்லியில் இடமில்லையா?" நியாயமான கேள்விதான். இந்த உரையில் பாதி அதற்கான பதில். மீதிப் பாதியை இரண்டு நாளில் நீங்கள் சரிசெய்துகொள்ளலாம்.

காலையில் அரங்குக்கு வருமுன் மீன்பிடித் துறைமுகம் வரை நடந்துவிட்டு வந்தேன். ஒரு பக்கம் மாதா கோயில், மறுபக்கம் பள்ளிவாசல், நடுவில் வள்ளங்கள். அதற்கு அப்பால் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள். 2023 அக்டோபரில் அந்தக் கிரேன்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் சீனாவிலிருந்து வந்தது. வரவேற்பு விழாவெல்லாம் நடந்தது. ஆனால் கப்பலில் வந்த சீன மாலுமிகள் கரையில் கால் வைக்க அனுமதி கிடைக்கத் தாமதமாயிற்று. பொருள் வேண்டும், கொண்டுவந்தவன் இறங்கக் கூடாது! பாதுகாப்பு உறவு என்பதை மாணவர்களுக்கு விளக்க இதைவிட எளிய காட்சி எனக்குத் தெரியாது.

இங்கே கடல் இயற்கையாகவே ஏறத்தாழ 20 மீட்டர் ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை 10 கடல் மைல் தொலைவில். இப்படியோர் இடத்தை யாரும் சும்மா விட்டதில்லை. ஆய் மன்னர்கள் இங்கே தலைநகர் வைத்திருந்தபோது வடக்கே சேரன், கிழக்கே பாண்டியன். எட்டாம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் நெடுஞ்சடையன் பராந்தகன் விழிஞ்ஞத்தை வென்றதை அவனுடைய செப்பேடு பெருமையாகச் சொல்கிறது. பின்னால் வந்த சோழர்களும் அவ்வாறே. திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இவ்வூர் வருகிறது. பிடித்ததோடு நிற்காமல் ராஜேந்திர சோழப் பட்டினம் என்று பெயரையும் மாற்றினார்கள். பெயர் மாற்றம் பழைய காலத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். மாசிடோனியா என்ற நாடு, கிரேக்கத்தின் எதிர்ப்பு தீரும்வரை நேட்டோவுக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றது. 2018இல் வடக்கு மாசிடோனியா என்று பெயரை மாற்றிக்கொள்ளச் சம்மதித்த பிறகே 2020இல் உள்ளே விட்டார்கள்.

இன்றைய தலைப்புக்கு ஆய் மன்னர்களைவிட நெருக்கமானது வேணாடு, அதாவது திருவிதாங்கூர். இந்த மண்ணுக்கும் ஆங்கிலேயருக்குமான உறவு பழையது. 1644இல் விழிஞ்ஞத்தில் பண்டகசாலை வைத்துக்கொள்ள அவர்களுக்கு இடம் கிடைத்தது. 1723இல் வேணாட்டுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1741இல் மார்த்தாண்ட வர்மா குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்தது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின் நடந்ததுதான் நம் தலைப்புக்கு வேண்டியது. 1753இல் மாவேலிக்கரையில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூரோடு சமாதானம் செய்தபோது, அதுவரை தங்களை நம்பியிருந்த கேரளச் சிற்றரசர்களுக்குக் கொடுத்த வாக்கையெல்லாம் கழற்றிவிட்டார்கள். அந்தச் சிற்றரசர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை.

சரி, 1784க்கு வருவோம். மைசூரோடு கம்பெனி மங்களூரில் உடன்படிக்கை செய்தது. அதில் திருவிதாங்கூர் மன்னர் கம்பெனியின் நண்பர் என்று பெயர் குறிப்பிடப்பட்டது. நண்பரைத் தாக்கினால் கம்பெனி என்ன செய்யும்? அது தெளிவாக இல்லை. அந்த மன்னர் கார்த்திகைத் திருநாள் ராம வர்மா இந்த நட்பை நம்பித்தான் அடுத்த ஐந்து ஆண்டுகளை ஓட்டினார். 1789 ஜூலையில் டச்சுக்காரர்களிடமிருந்து கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை இரண்டையும் மூன்று லட்சம் ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார். அவருடைய கணக்கில் அது வடக்கு வேலியைப் பலப்படுத்துவது. மைசூரை ஆண்ட திப்புவின் கணக்கில், தனக்குக் கப்பம் கட்டும் கொச்சியின் நிலத்தில் அந்நியன் கோட்டை வாங்குவது. சென்னை கவர்னர் ஹாலண்ட் இந்த வியாபாரத்தை ஏற்கவில்லை. கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸோ, திருவிதாங்கூரைத் தாக்கினால் அது நம் மேல் போர் என்றார். ஒரே கம்பெனி, இரண்டு குரல். 1789 டிசம்பர் 29 அன்று திப்புவின் படை திருவிதாங்கூரின் வடக்கு அரணான நெடுங்கோட்டையைத் தாக்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். கம்பெனியின் பாதுகாப்புக்குள் திருவிதாங்கூர் முழுமையாக இருந்திருந்தால் திப்பு யோசித்திருப்பார். முழுமையாக வெளியில் இருந்திருந்தால் ராம வர்மா கோட்டை வாங்குமுன் யோசித்திருப்பார். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே வரலாம் போலவும் இருக்கும், வர முடியாது போலவும் இருக்கும். தாக்கியவன் தாக்கியவன்தான், அந்தப் பொறுப்பைக் கதவின் மேல் போட நான் வரவில்லை. ஆனாலும் கதவை அப்படி வைத்தவர்களுக்கும் கணக்கு உண்டு.

இனி ஐரோப்பா. 2008 ஏப்ரலில் புக்காரெஸ்டில் நேட்டோ தலைவர்கள் கூடினார்கள். உக்ரைனையும் ஜார்ஜியாவையும் சேர்ப்பதற்கான செயல்திட்டத்தைக் கொடுத்துவிடலாம் என்றது அமெரிக்கா. ஜெர்மனியும் பிரான்சும் மறுத்தன. விடிய விடியப் பேசி வந்த முடிவு: இரண்டு நாடுகளும் ஒரு நாள் உறுப்பினராகும், எப்போது என்று சொல்ல மாட்டோம், செயல்திட்டமும் இப்போது கிடையாது. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் இடையே இருந்த அதே இரண்டு குரல். நான்கே மாதத்தில், ஆகஸ்டில், ஜார்ஜியாவுக்குள் ரஷ்யப் படை நுழைந்தது. 2014இல் கிரிமியா. 2022 பிப்ரவரி 24 அன்று நடந்ததை, கார்கிவில் மருத்துவம் படிக்கப் பிள்ளையை அனுப்பியிருந்த பெற்றோர் நம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இரவெல்லாம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்தார்கள்.

உக்ரைனுக்கு அதற்கு முன்பே ஒரு காகிதம் கொடுக்கப்பட்டிருந்தது. 1994 டிசம்பர் 5, புடாபெஸ்ட். சோவியத் விட்டுச்சென்ற அணு ஆயுதங்களை உக்ரைன் ஒப்படைக்க வேண்டும். பதிலுக்கு ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் அதன் எல்லையை மதிப்பதாகக் கையெழுத்துப் போட்டன. அந்தக் காகிதத்தில் இருந்தது உறுதிமொழி, உத்தரவாதம் அல்ல. அமெரிக்க வழக்கறிஞர்கள் அந்த ஒரு சொல்லில் மிகக் கவனமாக இருந்தார்கள். மங்களூர் உடன்படிக்கையின் 'நண்பர்' என்ற சொல்லை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

நம் நாட்டுக் கருத்தரங்குகளில் நேட்டோ விரிவாக்கத்தைப் பேசும் விதம் பற்றி எனக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு. வாஷிங்டன் என்ன வாக்குக் கொடுத்தது, மாஸ்கோ எப்படி ஏமாந்தது என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறோம். 1990 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர், நேட்டோ கிழக்கே நகராது என்று சோவியத் தலைவர் கோர்பச்சேவிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது பற்றி இன்று இங்கேயே இரண்டு கட்டுரைகள் உள்ளன. வரவேற்கிறேன். ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று கையெழுத்தான ஜெர்மனி இணைப்பு உடன்படிக்கையில் பேச்சு கிழக்கு ஜெர்மன் நிலத்தைப் பற்றி மட்டுமே. போலந்து பற்றி ஒரு வரி கிடையாது. அப்போது சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தமே உயிரோடு இருந்தது. 1991 ஜூலை 1 அன்று பிராகில்தான் அதை முறையாகக் கலைத்தார்கள். பேசப்படாத இன்னொரு பக்கம், கதவைத் தட்டியவர்களின் பக்கம். ஹங்கேரி, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா மூன்றின் தலைவர்களும் 1991 பிப்ரவரியில் விசெக்ராத் நகரில் கூடி, மேற்கோடு சேர்வதென்று முடிவெடுத்தார்கள். 1993 ஏப்ரலில் செக் அதிபர் வாக்லாவ் ஹாவெலும் போலந்து அதிபர் லேக் வலேசாவும் வாஷிங்டன் போய் கிளிண்டனிடம் நேரில் கேட்டார்கள். மறு ஆண்டு ஜனவரியில் கிடைத்தது 'அமைதிக்கான கூட்டுறவு' என்ற திண்ணை. வீடு வேண்டும் என்றவர்களுக்குத் திண்ணை! அவர்கள் விடவில்லை. 1999 மார்ச் 12 அன்று போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் உறுப்பினராயின. சரியாகப் பன்னிரண்டாம் நாள் நேட்டோ யுகோஸ்லாவியாவின் மேல் குண்டு போட ஆரம்பித்தது. ஹங்கேரிக்கு அது பக்கத்து வீடு. கூட்டணியில் சேர்ந்தவனுக்கு முதல் கடிதமே போர்க் கடிதம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? 1968இல் வார்சா ஒப்பந்தப் படைகள் டாங்கிகளோடு நுழைந்தது நேட்டோ நாட்டுக்குள் அல்ல. தன் சொந்த உறுப்பினரான செக்கோஸ்லோவாக்கியாவுக்குள்.

இதற்கு இணை வேண்டுமானால் இங்கிருந்து கிழக்கே போங்கள். மைசூர்ப் போர் முடிந்த பிறகு, 1795இல் திருவிதாங்கூர் கம்பெனியோடு முறையான உடன்படிக்கை செய்துகொண்டது. 1805இல் அது இறுகியது. ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம், உள்நாட்டு நிர்வாகத்தில் கம்பெனி சொல்லும் ஆலோசனைக்குக் கட்டுப்படுதல். கையெழுத்துப் போட்ட தளவாய், தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி. பணம் பாக்கி விழுந்தது. கம்பெனியின் ரெசிடெண்ட் மெக்காலே நெருக்கினார். 1809 ஜனவரியில் குண்டறையிலிருந்து கம்பெனிக்கு எதிரான வேலுத்தம்பியின் அறிக்கை வந்தது. அடுத்த மாதம் ஆரல்வாய்மொழி வழியாக ஒரு படை திருவிதாங்கூருக்குள் நுழைந்தது. திருவிதாங்கூரைக் காப்பதற்கென்று ஒப்பந்தம் போட்டிருந்த அதே கம்பெனியின் படை. உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் அடிபணிந்தன. உதயகிரிக்குப் போனால், குளச்சலில் தோற்றுப் பின் திருவிதாங்கூர்ப் படையை உருவாக்கிய டிலனாயின் கல்லறையைப் பார்க்கலாம். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கும். எதிரியாக வந்தவன் அந்தக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிறான்; நண்பனாக வந்தவன் அதைப் பிடித்தான்.

ஆகவே திருவிதாங்கூரைக் கட்டிய கம்பெனியின் துணைப்படைத் திட்டத்தையும் நேட்டோவையும் ஒன்றாக வைத்து ஏகாதிபத்தியம் என்று ஒரே கோடாகப் போடும் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை. துணைப்படைத் திட்டத்தைப் பரப்பிய வெல்லெஸ்லியின் ஏற்பாட்டுக்கு உண்மையான உறவினர் வார்சா ஒப்பந்தம். இரண்டிலும் உள்ளே போக வழி உண்டு, வெளியே வருவது எளிதல்ல. நேட்டோவின் கூட்டுத் தலைமையிலிருந்து 1966இல் பிரான்ஸ் தன் படைகளை விலக்கிக்கொண்டது. யாரும் பாரிஸுக்கு டாங்கி அனுப்பவில்லை. ஸ்வீடன் உள்ளே வருவதைத் துருக்கியும் ஹங்கேரியும் 2024 வரை இழுத்தடித்தன; பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். திருவிதாங்கூர் மன்னருக்கு இந்த வசதி ஒரு நாளும் இருந்ததில்லை.

இதனால் நேட்டோ சுத்தத் தங்கம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் ஐந்தாவது பிரிவை மூலத்தில் வாசியுங்கள். ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்று தொடங்கி, ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையென்று தோன்றுவதைச் செய்யும் என்று போகிறது. 'தோன்றுவதை' என்ற சொல்லில், ரஷ்யாவின் பக்கத்திலுள்ள எஸ்தோனியாவின் தூக்கம் அடங்கியிருக்கிறது. விலையும் ஏறிக்கொண்டே போகிறது. 2014இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் பாதுகாப்புக்கு என்றார்கள். 2025இல் ஹேக் நகரில் 2035க்குள் 5 சதவீதம் என்றார்கள். எட்டு லட்சம் ரூபாயில் நொந்த வேலுத்தம்பி கேட்டால் சிரிப்பார். மறுபக்கத்தில் அர்மீனியாவின் கதை. ரஷ்யத் தலைமையிலான கூட்டணியில் ஒழுங்காக இருந்தது. 2023இல் கராபாக் பகுதி கைவிட்டுப் போனபோது கூட்டாளி வரவில்லை. 1753இல் மாவேலிக்கரையில் கைவிடப்பட்டவர்களுக்கு அது புரியும்.

நாளை மதியம் இளைஞர்களின் அமர்வு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாஷிங்டன், மாஸ்கோ ஆவணங்கள் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. எல்லோரும் அவற்றையே மேற்கோள் காட்டுகிறார்கள். பிராகிலும் வார்சாவிலும் கதவைத் தட்டியவர்கள் எழுதிவைத்ததைப் படிக்கச் செக் மொழியோ போலிஷ் மொழியோ ஒன்றையாவது கற்றுக்கொள்ளுங்கள். அது கடினம் என்றால், இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் மதிலகம் ஓலைகள் என்ற பழைய ஆவணச் சுவடிகள் இருக்கின்றன. வட்டெழுத்து, மலையாண்மை, தமிழ் என்று பல எழுத்தில், சுருணை சுருணையாக. கம்பெனியை நாடிப் போன ஓர் அரசின் உள்வீட்டுப் பேச்சு அதில் எவ்வளவு இருக்கிறதென்று தேட, பழைய தமிழ் எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். உங்களில் இரண்டு பேர் வந்தால் போதும். நானும் கூட வருகிறேன்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.