மருந்தை நாமாக நிறுத்தலாகாது

தோழர்களே! முன்னாளில் பால்மரம் நின்ற இந்த மார்சிலிங்கில் கூடியிருக்கும் நாம், இன்று ஒன்றை மனந்திறந்து பேசுவோம்.

ஹெப்படைட்டிஸ் பி கிருமி கல்லீரலில் பல்லாண்டுகள் வலியின்றிக் குடியிருக்கும். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் 1987 முதல் தடுப்பூசி உண்டு. முன்னே பிறந்த நம்மில் பலருக்கு அந்தக் காவல் வாய்க்கவில்லை.

டாக்டர் எழுதித் தரும் என்டெகாவிர், டெனோஃபோவிர் மாத்திரைகள் கிருமியை அடக்கி வைக்கும், பெரும்பாலும் வேரறுப்பதில்லை. “உடம்பு தேறிவிட்டதே” என்று நாமாக நிறுத்தினால் கிருமி மறுபடி பெருகும். கல்லீரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வெட்கத்தால் நிறுத்துவோரும் உண்டு. இந்நோய் இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்தும் பரவும். ஒரே மேசையில் உண்பதால் ஒட்டாது. ஆகவே மருந்துண்ணும் தோழரை ஒதுக்கோம். அவர் மாத்திரை டப்பியை ஒளிக்க வேண்டாத நிலையை உண்டாக்குவோம். அதுவும் சங்கத்தின் கடமையே!