நாலு சில்லும் ஒரே மாதிரி ஓடவேணும்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது "எதைப் பற்றி?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பற்றி" என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு ரயரைப் பற்றித்தான். சிரிக்கலாம். ஆனால் அந்த ஒற்றை ரயர் எனக்குப் படிப்பித்த பாடத்தை முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த நாடு எனக்குப் படிப்பிக்கவில்லை.

நான் மொன்றியாலுக்கு வந்தது 1987இல். உணவகத்தில் கோப்பை கழுவினேன், தொழிற்சாலையில் நின்றேன். இடையில் ஏழு கார் வைத்திருந்தேன். ஏழும் பழசு. ஒரு காரில் நாலு ரயரும் நாலு கொம்பனி. அது உலுப்பினால் "பழசுதானே" என்று விட்டுவிடுவேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் அண்ணர் ஏ-40 வாடகைக் கார் ஓடினவர். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போனபோது அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். அந்தக் குடும்பத்தில் பிறந்தவனுக்குக் கார் உருண்டால் போதும்.

சென்ற வருஷம்தான் மகனும் நானும் சேர்ந்து முதன்முதலாக ஒரு புதுக் கார் எடுத்தோம். புத்தாண்டன்று டொலார்ட் முருகன் கோயிலடிக்குக் கொண்டுபோய், நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்து நசித்துவிட்டு வந்தோம். என் மனைவிக்கு முந்தின மார்கழியில் முதுகில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. கிழமைக்கு மூன்று நாள் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். புதுக் கார் எடுத்ததற்கு முக்கிய காரணமே அதுதான்.

இரண்டு கிழமை போயிருக்கும். மழை நாள். றோட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. கிடங்கு எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. "டமார்" என்றது. முன் வலப்பக்க ரயரின் பக்கச்சுவர் வெட்டிப் போய்விட்டது.

இந்த ஊர்க் கிடங்குகளைப் பிரெஞ்சுக்காரர் "நீ-டு-பூல்", அதாவது கோழிக்கூடு என்கிறார்கள். காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். றோட்டு வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் இரவில் உறைந்து தாரைத் தூக்கும், பகலில் உருகிக் கீழே வெற்றிடம் விடும். அதன்மேல் ஒரு லொறி ஏறினால் கோழிக்கூடு தயார். மாசி, பங்குனி, சித்திரைதான் இதற்குப் பருவம். எங்கள் புத்தாண்டும் கிடங்கும் ஒன்றாகத்தான் வருகின்றன.

காரை இழுத்துக்கொண்டு ஒரு கராஜுக்குப் போனோம். பெயர் வேண்டாம். "இதே ரயர் கையிருப்பில் இல்லை, நாலு நாள் செல்லும். அதே அளவில் வேறொன்று இருக்கிறது" என்று பிரெஞ்சில் சொன்னார்கள். பாதி விளங்கியது. மகன் வேலையில். மனைவிக்கு அடுத்த நாள் சிகிச்சை. நான் "உய், உய்" என்று தலையாட்டினேன். காசைக் கட்டி வந்துவிட்டேன்.

அன்றைக்குத் தொடங்கியது கரைச்சல். சின்ன மேடு என்றாலும் காருக்குள் "தொம்" என்று அடிக்கும். பெருந்தெருவில் தொண்ணூறைத் தாண்டினால் ஸ்ரேறிங் கைக்குள் நடுங்கும். மனைவி முதல் நாள் "என்னப்பா, மாட்டுவண்டில் மாதிரிக் கிடக்கு" என்றா. இரண்டாம் நாள் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தா. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் கிழமை, "இண்டைக்கு எனக்குச் சுகமாக் கிடக்கு, சிகிச்சைக்குப் போகத் தேவையில்லை" என்றா. நான் நம்பினேன். உண்மையில் காரில் ஏறப் பயந்துதான் அப்படிச் சொன்னா என்று மகளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நான் அந்தக் கராஜுக்குத் திரும்பிப் போனேன். "புது ரயர், ஓட ஓடச் சரிவரும்" என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன்.

கடைசியில் பார்க் எக்ஸ்ரென்ஷனில் கார் திருத்துகிற எங்கள் தம்பி ஒருவரிடம் காட்டினேன். அவர் காரை ஓட்டிப் பார்க்கவே இல்லை. சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த ஒட்டியைக் காட்டினார். "அண்ணை, இதில 33 இறாத்தல் எண்டு போட்டிருக்கு" என்றார். பிறகு கேஜை வைத்தார். மற்ற மூன்றிலும் 33. புது ரயரில் 48.

இதைத்தான் நாங்கள் முதலில் தெரிந்திருக்க வேணும். ரயரின் பக்கத்தில் 51 இறாத்தல் என்று எழுதியிருந்தால், அது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் காருக்கு வேண்டிய அளவு அல்ல. காருக்குரிய அளவு கதவுத் தூணில் இருக்கிறது. கூட அடித்த ரயர் கல்லு மாதிரி. றோட்டின் அடியைத் தான் வாங்காமல் நேரே ஆளுக்குக் கொடுக்கும். றோட்டைத் தொடுகிற பரப்பும் குறையும், பிறேக் பிடிப்பும் குறையும். தம்பி 33க்கு இறக்கினார். பாதி உலுப்பல் அந்த இடத்திலேயே போய்விட்டது.

மீதிப் பாதிக்குச் சில்லைக் கழற்றினார். மூன்று விஷயம் கண்டார்.

ஒன்று, சில்லு பலன்ஸ் பண்ணப்படவில்லை. ரயரும் றிம்மும் எல்லாப் பக்கமும் ஒரே பாரமாக இருக்காது. பாரம் குறைந்த பக்கத்தில் சின்ன எடைத் துண்டு ஒட்டவேணும். ஒட்டாவிட்டால் வேகம் கூடக் கூட நடுங்கும். ஸ்ரேறிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சில்லு, இருக்கை நடுங்கினால் பெரும்பாலும் பின் சில்லு.

இரண்டு, கிடங்கில் விழுந்த அடியில் றிம்மும் கொஞ்சம் நெளிந்திருந்தது. நெளிந்த றிம்மில் எந்தப் புது ரயரைப் போட்டாலும் வட்டமாக ஓடாது.

மூன்று, அளவு ஒன்றென்றாலும் ரயர் ஒன்றல்ல. எங்கள் ரயரில் 205/55 ஆர் 16 91 வி என்று எழுதியிருந்தது. 205 என்பது அகலம், மில்லிமீற்றரில். 55 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 16 அங்குலம் றிம். 91 என்பது ஒரு ரயர் 615 கிலோ தாங்கும் என்ற குறி. வி என்பது வேகக் குறி, மணிக்கு 240 கிலோமீற்றர். புது ரயரில் அதே 205/55 ஆர் 16 இருந்தது. ஆனால் 94, பக்கத்தில் எக்ஸ்.எல். என்று இருந்தது. 94 என்றால் 670 கிலோ. கூடிய பாரம் தாங்கக் கட்டிய ரயர். கூடாத ரயர் என்று சொல்லமாட்டேன், ஆனால் விறைப்பானது. மூன்று மெதுவான கால்களும் ஒரு மரக்காலும் வைத்து நடப்பது மாதிரி.

அன்றிரவு மகன் கேட்டான்: "அப்பா, காசு குடுத்தது நீங்கள். ஏன் ஒரு கேள்வியும் கேட்கேல்லை?"

எனக்குப் பதில் வரவில்லை. படுத்திருந்து யோசித்தேன். ஊரில் சோதனைச் சாவடியில் கேள்வி கேட்டவர்களில் சிலர் வீடு வந்து சேரவில்லை. தலையாட்டியவன் வந்து சேர்ந்தான். இங்கே குடிவரவு அலுவலகத்தில் பயந்து பயந்து கையெழுத்து வைத்தோம். வேலைத்தலத்தில் விளங்காததற்கும் "உய்" சொன்னோம். அந்தத் தலையாட்டல் ஒருகாலம் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அதே தலையாட்டல்தான் மூன்று கிழமையாக என் மனைவியின் முதுகை நோகவைத்தது. அவவும் என்னிடம் சொல்லவில்லை. அவவுக்கும் அதே பழக்கம்தானே.

அடுத்த நாள் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு, பற்றுச்சீட்டோடு, எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு அந்தக் கராஜுக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. 33ஐயும் 48ஐயும் காட்டினேன். 91ஐயும் 94ஐயும் காட்டினேன். பொறுப்பாளர் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார். பழைய ரயரின் சோடியை எடுப்பித்து, விலை வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றிப் பலன்ஸும் பண்ணித் தந்தார். நெளிந்த றிம் என் செலவு. அவ்வளவுதான். ஒருவரும் என்னைக் கடிக்கவில்லை.

இப்போது உங்களுக்குச் சில விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒரு ரயர் மட்டும் மாற்ற நேர்ந்தால் அதே கொம்பனி, அதே மாதிரி, அதே எண்களைக் கேளுங்கள். மற்றவை நன்றாகத் தேய்ந்திருந்தால் ஒரே அச்சில் இரண்டையும் மாற்றுவது நல்லது. இரண்டு புதிது என்றால் அவை பின்னுக்கு. ஈரத்தில் கார் பின்பக்கம் வழுக்கிச் சுழலாமல் இருக்க அது உதவும். நாலு சில்லும் இழுக்கிற கார் என்றால் கைநூலைப் பாருங்கள். ஒரு சில்லு பெரிதாகவும் மூன்று தேய்ந்தும் இருந்தால் உள்ளே பற்சில்லுகள் கெட்டுப்போகும். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு.

ரயரின் பக்கச்சுவரில் கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. ஓடவேண்டாம். ரயரின் வயதையும் பாருங்கள். கடைசி நாலு எண்ணில் 2323 என்று இருந்தால், 2023ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. சில்லு மாற்றி ஒரு நூறு கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர் காலத்தில் ஒவ்வொரு ஐந்தரைப் பாகை குறைவுக்கும் ஏறக்குறைய ஒரு இறாத்தல் காற்றுக் குறையும். இருபது பாகைச் சூடான கராஜில் அடித்த காற்று, வெளியே மைனஸ் இருபதில் ஏழு இறாத்தல் குறைந்து நிற்கும். மாதம் ஒருதடவை, கார் ஓடமுதல் காலையில் பாருங்கள். கேஜ் ஒன்றின் விலை அதிகமில்லை.

வின்ரர் ரயர் கியூபெக்கில் 2008இலிருந்து கட்டாயம். 2019இலிருந்து மார்கழி 1ஆம் திகதியே போட்டிருக்க வேணும், பங்குனி 15 வரை. மலைக்குள் பனித்துகள் வரைந்த அடையாளம் இருக்கவேணும். இல்லாவிட்டால் தண்டம் 200 முதல் 300 டொலர், செலவு வேறு.

கிடங்கில் விழுந்து ரயர் போனால் நகரசபை தரும் என்று பெரிதாக நம்பியிருக்க வேண்டாம். றோட்டின் நிலையால் ரயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் வரும் சேதத்துக்கு நகரசபைகள் பொறுப்பில்லை என்று சட்டத்தில் விலக்கு எழுதியிருக்கிறது. ஆனால் கடையில் வாங்கிய பொருளுக்குச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 1978இல் நிறைவேறிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய பொருள் அதன் வேலைக்கு உதவவேணும், நியாயமான காலம் உழைக்கவேணும். பேசித் தீராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, 15,000 டொலர் வரையான வழக்குக்குச் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. அங்கே அப்புக்காத்து வைக்கத் தேவையில்லை.

இன்னொன்று. 1876இல் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 றப்பர் விதையை ஆங்கிலேயர் லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அதில் முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்து கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டது. 1888இல் டன்லப் என்ற மிருக வைத்தியர் பெல்பாஸ்ரில் தன் மகனின் மூன்றுசில்லுச் சைக்கிளுக்குக் காற்று ரயர் செய்தார். அதற்குப் பிறகு எங்கள் மலையகச் சகோதரர் எத்தனை தலைமுறை விடியற்காலையில் எழும்பிப் பால் வெட்டினார்கள். ரயர் எங்களுக்கு அந்நியச் சாமான் இல்லை. அதைப் பற்றிக் கேட்க எங்களுக்கு வெட்கமும் தேவையில்லை.

இந்தப் புத்தாண்டுக்குக் கைவிசேஷம் குடுக்கிற பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குக் காசோடு சேர்த்து, கேள்வி கேட்கிற துணிவையும் குடுங்கள். பிள்ளைகளே, அப்பா அம்மா கராஜுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும்போது ஒரு மணித்தியாலம் ஒதுக்கிக் கூடப் போங்கள். அவர்களுக்கு மொழி தெரியாதது மட்டும் கஷ்டம் இல்லை.

என் மனைவி இன்றைக்கு இங்கே முன்வரிசையில் இருக்கிறா. அதே காரில்தான் வந்தா. வரும்போது ஒரு கிடங்கில் கார் விழுந்தது. "பார்த்து ஓடுங்கோவன்" என்று சத்தமாய்ச் சொன்னா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எல்லாருக்கும் நல்ல ஆண்டாக அமையட்டும்.