மஞ்சள் பூக்கும் மலைச்செடி

நீலகிரிச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசைப் பார்த்திருப்பீர்கள். அதாவது ரோடோடெண்ட்ரான். அதே இனத்தில் மஞ்சளாகப் பூக்கும் லூட்டியம் என்ற செடி, துருக்கியிலும் காகசஸ் மலைகளிலும் தானாக வளர்கிறது. இங்கிலாந்துத் தோட்டக்காரர்களுக்கும் பழக்கமானது.

அடையாளம் காண்பது எளிது. வாசனை தூக்கலாக இருக்கும். பூவில் மகரந்தத் தாள்கள் ஐந்துதான். குளிர்காலத்தில் இலை முழுவதும் கொட்டிவிடும். பத்துத் தாள்களும், வருடம் முழுக்கத் தடித்த இலையும் இருந்தால் அது வேறு வகை.

ஆரஞ்சு நிற அசேலியா (அதுவும் ரோடோடெண்ட்ரான் வகைதான்) நட்டோம், சில வருடத்தில் மஞ்சளாகிவிட்டதே என்று இங்கிலாந்தில் சிலர் குழம்புவார்கள். நிறம் மாறவில்லை. பழைய ஒட்டுச்செடிகள் பலவற்றுக்கு வேர்ச்செடி லூட்டியம்தான். அந்த வேரிலிருந்து கிளம்பிய பக்கக்கன்று, மேலே ஒட்டிய ரகத்தை அமுக்கிவிடுகிறது. மண்ணை விலக்கி, கன்று புறப்படும் இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும். தரைமட்டத்தில் நறுக்கினால் மறுபடி துளிர்க்கும்.

கவாத்தைப் பூ முடிந்த கையோடு செய்துவிட வேண்டும். அடுத்த வருடத்து மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். தாமதித்துக் கத்தரித்தால் பூவையே வெட்டியதாகும். வாடிய கொத்தை விரலால் ஒடிக்கும்போது, அடியிலுள்ள இளந்துளிர் சிதையக் கூடாது.

இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு. கருங்கடல் ஓரத்தில் காட்டுத் தேனைத் தின்ற கிரேக்கப் படைவீரர்கள் நிற்க முடியாமல் விழுந்ததை, சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே, வெட்டிய கிளைகளை ஆடுமாடுகளுக்கு எட்டாத இடத்தில் போடுங்கள்.