பூப்பறிக்கும் பொழுது



தமிழ் இலக்கியத்தில் மலர் பெற்றிருக்கும் இடம் பெரிது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை நிரல்படுத்துகிறது. நக்கீரரின் நெடுநல்வாடையிலோ, பகலும் இரவும் பிரித்தறிய முடியாதபடி மழை மூடிய நாளில், தட்டில் இட்ட பித்திக அரும்பு இதழ் விரிவது கண்டு, மாலை வந்தது என்று மகளிர் விளக்கேற்றுகின்றனர். பூவே அங்கு நாழிகை வட்டில். அவ்வரும்பைச் செடியிலிருந்து கொய்தவள் எப்பொழுதில் எழுந்தாள் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. பூ விற்கும் பெண்ணையாவது சங்கப் பாடல்கள் சில காட்டுகின்றன. பிழைப்பிற்காகப் பூப்பறிப்பவளைக் காண்பது அரிது. அவளது கோடைக்காலமே இவ்வுரையின் பொருள்.

1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2007 நவம்பரில் அரியலூர் மீண்டும் தனி மாவட்டம் ஆயிற்று. பெரம்பலூரின் கரிசல் பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் சின்ன வெங்காயத்திற்கும் பேர்பெற்றது. அரியலூர் என்றால் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலையும், செயங்கொண்டம் பக்கத்து முந்திரியும் நினைவுக்கு வரும். இவற்றிடையே, கிணற்றில் நீருள்ள இடங்களில், கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று பூத்தோட்டங்கள் ஒதுங்கி நிற்கின்றன. நீண்ட காம்போடு வெட்டி அனுப்பும் கொய்மலர்ப் பண்ணை ஓசூர்ப் பகுதியின் குளிர்ந்த மேட்டுநிலத்திற்கு உரியது. இங்குள்ளது உதிரிப்பூ, எடை போட்டு விற்பது, ஒரு பகலுக்கு மேல் தாங்காதது.

மல்லிகையின் ஆண்டு மனிதரின் ஆண்டிலிருந்து வேறானது. இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பகுதியிலிருந்து வரும் பதியன்கள் தமிழகமெங்கும் நடப்படுகின்றன. கார்த்திகைக் கடைசியில் செடியைக் கவாத்து செய்வர். இலையிழந்து குச்சியாக நிற்கும் செடி, மாசி பிறந்ததும் துளிர்த்து, பங்குனி முதல் ஆனி வரை அரும்பு சொரிகிறது. மற்றப் பயிர்கள் வெயிலுக்கு அஞ்சும் பருவமே மல்லிகைக்கு வாழ்வு. நீர் வற்றும் பருவமும் அதுவே. ஆகவே கோடை முழுவதும் அக்குடும்பத்தின் ஒரு கண் செடியிலும் மறு கண் கிணற்றிலும் இருக்கிறது.

மொட்டு விரிந்துவிட்டால் விலையில்லை. முற்றிய, விரியாத அரும்பையே கொய்ய வேண்டும். அதுவும் வெயில் ஏறுமுன். கருக்கலில் விளக்கு வெளிச்சத்தில் வரிசைக்கு ஒருவராக நிற்பர். மடியில் துணி கட்டி, இரு கைகளாலும் அரும்பைக் கிள்ளுவர். கோடை விடுமுறையில் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வர். ஒரு வீட்டின் கைகள் போதாதபோது அடுத்த தோட்டத்தார் வருவர். நாளை இவர்கள் அங்குச் செல்வர். வீட்டில் காய்ச்சல் வந்தாலும், சாவே விழுந்தாலும், செடி ஒரு நாள் பொறுப்பதில்லை. அதனால் பூத்தோட்டத்தில் பகை நீடிப்பதும் கடினம். நேற்றுப் பேசாதிருந்தவர்கள் இன்று எதிரெதிர் வரிசையில் நின்று ஊர்ச் செய்தி பேசுகின்றனர்.

பறித்த பூ ஈரத்துணிக்குள் வைத்து முதல் பேருந்தில் ஏறுகிறது. விலையை முகூர்த்த நாளும் கோயிலும் தீர்மானிக்கின்றன. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டுமே வழக்கமாக நடை திறப்பது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளுக்கு இராமநவமியையொட்டிப் பெருவிழா. இவ்விழா நாள்களைப் பூக்காரர் பஞ்சாங்கம் பாராமலே சொல்வர். ஆயினும் செடி நிறையப் பூக்கும் கோடையில் விலை சரிகிறது. மார்கழி, தை மாதங்களில் விலை ஆயிரத்தைத் தாண்டும்போது கொடுக்கச் செடியில் பூ இல்லை. அந்த இடைவெளியைக் கடப்பதற்குக் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியவர், அந்தக் கடைக்கே பூவைக் கொண்டுசென்றாக வேண்டும்.

2020 மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது மல்லிகை பூக்கத் தொடங்கியிருந்தது. கோயில்கள் அடைபட்டன, திருமணங்கள் வீட்டு முற்றத்திற்குள் ஒடுங்கின, பேருந்து நின்றது. பூ மட்டும் நிற்கவில்லை. தமிழகத்துப் பூ விவசாயிகள் பலர் செடியைக் காப்பதற்காகவே அரும்பைப் பறித்துக் குப்பையில் கொட்டினர். பெருஞ்சாத்தனை இழந்த ஒல்லையூர் நாட்டில், சூடுவார் இல்லாதபோதும் பூத்த முல்லையை நோக்கி, நீயும் பூத்தனையோ என்று வினவிய குடவாயிற் கீரத்தனாரின் புறப்பாட்டு அந்நாள்களில் புதிய பொருள் பெற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 1இல் மாநிலத்தின் கோயில்கள் அனைத்தும் திறந்தபோது மல்லிகைப் பருவம் கடந்திருந்தது.

இன்னொரு செய்தியும் எண்ணத்தக்கது. பறிப்போரிலும் தொடுப்போரிலும் கணவனை இழந்த பெண்கள் உண்டு. வாழைநாரில் கண்ணி கண்ணியாக அவர்கள் தொடுக்கும் சரம் ஊரார் கூந்தலுக்கும் அம்மன் தோளுக்கும் செல்கிறது. தொடுத்த கைக்கு உரியவளோ ஒரு கண்ணியைக் கிள்ளித் தன் தலையில் வைப்பதை ஊர் வழக்கம் இன்னும் எளிதில் ஏற்பதில்லை. அவள் தொட்ட பூ மங்கலமாகிறது. அவள் சூடிய பூ மட்டும் பேச்சாகிறது. நாணயமில்லாத இக்கணக்கை எந்தக் கமிஷன் கடையும் எழுதுவதில்லை. இலக்கியம்தான் எழுத வேண்டும்.

பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டத்திற்கு இதைவிட அணுக்கமான பணி எது? பதியன், கவாத்து, உதிரி, கண்ணி, சரம், முழம் என்று பூத்தோட்டத்தின் சொற்கள் வழங்கும் வாய்கள் இன்னும் இவ்விரு மாவட்டங்களிலும் உள்ளன. நூலகம் திறக்கும் நேரத்தில் அவற்றைத் தேடினால் கிடையா. அவை பேசப்படும் பொழுது விடியலுக்கு முந்தியது. அப்பொழுதில் எழுந்து செல்வோர்க்கு அவை கிடைக்கும்.