நிரம்பாதிருந்த நாற்காலிகள்

குடவோலை கண்ட இனமென்று மேடைதோறும் முழங்குவோர் உளர். அந்த உத்தரமேரூர்க் குடத்துள் நிலமற்ற உழவனின் ஓலை இடப்பட்டதில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. அது நிற்க.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல். இந்நான்கு ஊராட்சிகளின் தலைமைப் பொறுப்பு 1996-இல் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அவ்விடம் நிரம்பவில்லை. தேர்தல் அறிவிப்பு வரும், வேட்பாளர் வாரார். நிறுத்தப்பட்டு வென்றவரோ, பொறுப்பேற்ற கையோடு விலகல் மடல் நீட்டுவார். அம்மடலை எழுதுவித்தவர் வடவரா? வெள்ளையரா? அதே ஊர்த் தமிழரே! ஒரே மொழி பேசிய வாய்கள்தாம் அந்த நாற்காலியில் தமிழன் ஒருவன் அமர்வதைத் தடுத்தன.

அரசினரும் தொண்டரும் ஊர்ஊராய்ப் பேசி இசைவு பெற்றபின், 2006-இல்தான் நான்கு ஊர்களிலும் தலைவர்கள் அமர்ந்தனர். அமர்ந்தவரைத் ‘தலைவரே’ என்றழைக்க எத்தனை நாக்குகள் எழுந்தன என்பதைத் தேர்தல் கணக்கு காட்டாது.