முதல் நாள் காமிரா பைக்குள்ளேயே இருக்கட்டும்

(திண்டிவனத்தில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில், கிராமங்களுக்குச் சென்று படம் எடுத்துவரும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. காமிராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறி, பஸ் போகாத இடத்துக்கு நடந்து போய், அங்குள்ளவர்களின் கதையைப் படமெடுத்து வருகிறவன். அப்படங்களைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். பார்த்து உதவி அனுப்புகிறீர்கள். ஆகவே நான் எப்படி எடுக்கிறேன் என்று உங்களுக்குக் கணக்கு ஒப்புவிப்பது என் கடமை.

ஊர் தேடிப் போகும் வேலை நம் பகுதிக்குப் புதிதல்ல. மதுராந்தகம் பக்கத்திலுள்ள பொலம்பாக்கத்தில் 1955-ல் தொழுநோய்ப் பணியைத் தொடங்கிய பெல்ஜியம் நாட்டு டாக்டர் ஃபிரான்ஸ் ஹெமெரிக்ஸ், நோயாளிகள் தம்மைத் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கிராமம் கிராமமாகப் போய் மரத்தடியில் மருந்து கொடுத்தார். கதை தேடிப் போகிறவனுக்கும் அந்த மரத்தடிதான் பாடசாலை.

நம் ஊரின் பெயர் ஒரு விதைக்கே உண்டு. டி.எம்.வி. என்ற நிலக்கடலை ரகங்களில் அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை அவை. விதை வெகுதூரம் போய்விட்டது. வெயிலில் குந்தி மல்லாட்டை பறிக்கும் பெண்ணின் கதையோ பக்கத்து ஊருக்குக்கூடப் போகவில்லை.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஏரிக்கரையோர இருளர் குடியிருப்பு ஒன்றுக்குப் போனேன். போன அரைமணி நேரத்தில் காமிராவை எடுத்துவிட்டேன். ஒரு ஆயாவிடம், இறந்துபோன கணவரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். அவர் அழுதார். அந்த அழுகையை மட்டும் வெட்டி எடுத்துப் பட்டணத்தில் போட்டுக் காட்டினேன். அரங்கமே உருகியது. காணிக்கையும் தாராளமாக வந்தது.

அந்தப் படத்தில் ஆயாவுக்குப் பின்னால் அவர் மகன் உட்கார்ந்திருந்தான். முன்பணம் வாங்கிய செங்கல் சூளையிலிருந்து தப்பி வந்தவன். எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. படம் கைபேசிக்குக் கைபேசி போய், சூளைக்காரர் கண்ணிலும் பட்டது. கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் ஒழித்துவிட்டது. ஆனாலும் ஆள் வந்து நின்றதும், அந்தப் பிள்ளை இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனான்.

மறுவருடம் நான் போனபோது ஆயா ஏசவில்லை. "தம்பி, நான் அழுவுறத மட்டும் எடுத்துக்கினு போய் ஊருக்கெல்லாம் காட்டுனியாமே. எனக்கு ஒரு நாளும் காட்லியே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அதன்பிறகுதான், இந்த வேலையைச் சரியாகச் செய்தவர்கள் யார் என்று தேடிப் படித்தேன். கனடாவின் ஃபோகோ தீவில் 1967-ல் மீனவர்களைப் படமெடுத்தவர்கள், அதை முதலில் அத்தீவு மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள். பேசினவர் வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பகுதியை நீக்கினார்கள். தீவைக் காலிசெய்ய வேண்டியிருக்குமோ என்று அஞ்சிய மக்கள், ஒருவர் பேச்சை ஒருவர் திரையில் கேட்டு, கூட்டுறவுச் சங்கம் அமைத்து அங்கேயே நிலைத்தார்கள். தெலங்கானாவின் பஸ்தாபூரில் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி, எழுதப் படிக்கத் தெரியாத தலித் பெண்களின் கையிலேயே காமிராவைக் கொடுத்தது. தங்கள் நிலத்தையும் விதையையும் பற்றி அவர்களே படமெடுத்தார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகத்தில் படமெடுப்பவர் மதுரைப் பக்கத்து எம். பழனிகுமார். மீன் விற்கும் தாயின் பிள்ளை. தாயின் உழைப்பையே படமாக்கினார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கும் அக்கலையைக் கற்றுக்கொடுக்கிறார்.

2021-ல் 'ஜெய் பீம்' திரைப்படம் வந்தபின் இருளர் என்ற பெயரை எல்லாரும் அறிந்தார்கள். பெயர் தெரிவது வேறு, ஆளைத் தெரிவது வேறு.

இப்போது என் வழக்கம் இதுதான். முதல் நாள் காமிரா பைக்குள்ளேயே இருக்கும். டீ குடிப்போம், பேசுவோம். யார் முகம் தெரியலாம், யார் முகம் தெரியக்கூடாது என்று கேட்பேன். படுக்கையில் இருக்கும் நோயாளியை, அவர் எழுந்து உட்கார்ந்து சரி என்று சொல்லுமுன் எடுக்கமாட்டேன். எடுத்ததை ஊரில் போட்டுக் காட்டாமல் வெளியே அனுப்பமாட்டேன்.

ஆயாவிடம் மறுபடியும் போனேன். இம்முறை அவரே இடம் சொன்னார். அறுத்த வயலில் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்துவைத்த நெல்லை அள்ளும் விதத்தைக் காட்டினார். எந்த வளையில் பாம்பு இருக்கும் என்று மண்ணைப் பார்த்தே சொன்னார். அன்றிரவு சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் போட்டோம். தன்னைத் திரையில் பார்த்து ஆயா வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளைகள், "இன்னொரு வாட்டி போடு" என்று கத்தினார்கள். மகன் இன்னும் ஊர் திரும்பவில்லை. அந்தப் பாரம் என்மேல்தான் இருக்கிறது.

அன்பானவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நான் அனுப்பும் படத்தில் கண்ணீர் இல்லாமல் போகலாம். ஒரு தாய் சிரிப்பார், ஒருவர் தன் வேலையைக் காட்டுவார். இவர்களுக்கு என்ன குறை என்று எண்ணி உங்கள் கையை மூடிவிடாதீர்கள். அழுதால்தான் உதவி என்றால், என்னைப் போன்றவர்கள் அழவைத்தே எடுத்து வருவோம். அழாதவருக்கும் மருந்து வேண்டும்.