எந்தப் பானை, எந்தச் சோறு?



இந்த அரங்குக்குள் வரும்போது ஒரு பெரியவர் என்னை மடக்கினார். "பசிக்கிறவனுக்குப் புள்ளிவிவரமா சோறு போடும்?" என்றார். போடாது ஐயா. ஆனால் சோறு எந்த ஊருக்கு முதலில் போக வேண்டும் என்பதை அதுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். நம் பாட்டிகள் அடுப்படியில் செய்த இந்தச் சோதனையைத்தான் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பாக நாட்டுக்கே செய்யத் தொடங்கினார். அதன் 2022-23 செலவுக் கணக்கெடுப்பில் 2,61,746 குடும்பங்களிடம் கேட்டுவிட்டு, நாடு முழுவதும் எப்படிச் சாப்பிடுகிறது, எப்படி உடுத்துகிறது என்று சொன்னார்கள். சொல்ல முடியுமா? முடியும்.

ஆனால் பாட்டியின் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அது ஒரே பானை, ஒரே தீ. நாடு அப்படியா இருக்கிறது? அதே கணக்கெடுப்பில், கிராமத்தில் ஓர் ஆளின் மாதச் செலவு தமிழ்நாட்டில் சராசரியாக 5,310 ரூபாய். சத்தீஸ்கரில் 2,466 ரூபாய். ஒன்று கொதிக்கிறது, இன்னொன்றில் உலையே காயவில்லை. இரண்டையும் கலந்து பதம் பார்த்தால் எது வெந்தது என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் மாநிலம் மாநிலமாக, கிராமம் வேறு நகரம் வேறு என்று பிரித்து எடுக்கிறார்கள். விலைவாசியும் ஊருக்கு ஊர் மாறுவதால், மாநிலத்துக்கு ஒரு வறுமைக்கோடு வேண்டும் என்று வறுமையை மதிப்பிட அமைந்த லக்டாவாலா குழு 1993இலேயே சொன்னது.

சரி, சோற்றை எப்படி எடுக்கிறார்கள்? ஒரு வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பாளர் கேட்கிறார்: "போன ஏழு நாளில் மீன் எவ்வளவு வாங்கினீர்கள்?" வீட்டுக்காரர் மேலே பார்க்கிறார். "ஒரு கிலோ இருக்கும்." உள்ளேயிருந்து குரல் வருகிறது: "எங்கே ஒரு கிலோ? அரைக் கிலோ மத்தி, அதுவும் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு!" எத்தனை நாள் கணக்கைக் கேட்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது. இந்தக் கணக்கெடுப்பின் 1999-2000 சுற்றில் ஏழு நாள் கேள்வியையும் முப்பது நாள் கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, வறுமை உண்மையிலேயே குறைந்ததா, கேள்வியால் குறைந்ததா என்று அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள்.

செலவை மட்டும் பார்த்தால் போதாது என்று ஊட்டச்சத்து, படிப்பு, கழிப்பறை, குடிநீர், சமையல் எரிபொருள் முதலான பன்னிரண்டில் உள்ள குறைகளை எண்ணுகிறது மத்திய அரசின் நிதி ஆயோக். 2019-21 தரவுப்படி பீகாரில் 33.76 சதவீதம் பேர் ஏழைகள்; கேரளத்தில் 0.55, நம் தமிழ்நாட்டில் 2.20. கைதட்டலாம், தட்டுங்கள். தட்டி முடித்ததும் பெருக்கியும் பாருங்கள். ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களில் 2.20 சதவீதம் என்றால் பதினைந்து லட்சத்துக்கும் மேல்! அவர்கள் எல்லா ஊரிலும் சமமாகப் பரவியா இருக்கிறார்கள்? மாநிலத்துக்குப் போதுமான மாதிரிச் சோறு, ஒரு ஒன்றியத்துக்கு என்று பிரித்தால் நாலு பருக்கைகூடத் தேறாது. அந்த இடைவெளியை நிரப்ப, எல்லா வீட்டையும் தட்டுகிற மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் துணை வேண்டும்.

கடைசியாக ஒன்று. மாதிரிக்கு எடுத்த பட்டியலில் பெயர் வந்த வீட்டுக்குப் போனால் பூட்டு தொங்கும். குடும்பம் செங்கல் சூளைக்குப் போயிருக்கும். கணக்கெடுப்பாளர் என்ன செய்வார்? விதிப்படி வேறொரு வீட்டில் கேட்டுக்கொள்வார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் பூட்டிய வீடுகளெல்லாம் ஒரே ஏழைத் தெருவில் இருந்தால், அந்தத் தெரு கணக்கில் கொஞ்சம் வசதியாகிவிடும்.

ஆகவே பெரியவரே, அடுத்த முறை வறுமை இத்தனை சதவீதம் என்று யாராவது இந்த மேடையில் முழங்கினால், கை தூக்கிக் கேளுங்கள்: "எந்தப் பானையில் எடுத்தீர்கள்? பூட்டிய வீடுகள் எத்தனை?" பதில் சொல்லிவிட்டு அவர் பேசட்டும்.